வெறுப்புக் குற்றம் என்று போலீஸ் எப்போது எழுதுகிறது? அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வழக்குகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

இங்கிலாந்தில் ஒருவர் போலீசுக்கு போன் செய்கிறார். "தெருப் பையன்கள் மறுபடியும் என் ஜன்னலில் கல் எறிகிறார்கள்" என்கிறார். மறுமுனையில் இருக்கும் ஊழியர் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். 'சமூக விரோத நடத்தை' என்று ஒரு சம்பவக் குறிப்பு எழுதி முடித்துவிடலாம். கண்ணாடி உடைந்திருந்தால் 'சொத்துச் சேதம்' என்று குற்றமாகப் பதியலாம். அல்லது இன்னும் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கலாம். போன் செய்தவருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு, பையன்கள் அதைச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் எறிகிறார்கள் என்பது அப்போது தெரியவரும். உடனே அந்தக் குற்றப் பதிவின் மேல் 'மாற்றுத்திறன் காரணமான வெறுப்புக் குற்றம்' என்ற குறியும் ஏறும்.

எறிந்தது ஒரே கல்தான். ஆனால் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து, பிறகு நடப்பதெல்லாம் மாறிவிடுகிறது. கடைசியாகச் சொன்ன குறி ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுப்போகிறது, விட்டுப்போனால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பிரிட்டனில் 'லேர்னிங் டிசபிலிட்டி' என்பது பிறப்பிலோ சிறுவயதிலோ தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடரும் அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கும். புதியதைப் புரிந்துகொள்வது, பணத்தைக் கையாள்வது, நாள், நேரக் கணக்கு வைத்துக்கொள்வது எல்லாம் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கடினம். டிஸ்லெக்சியா மாதிரியான வாசிப்புச் சிக்கல்கள் இதில் சேராது. நாடு முழுக்க இப்படிச் சுமார் 15 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பலர் சாதாரணத் தெருக்களில், குடும்பத்தோடோ தனி வீட்டிலோ வாழ்கிறவர்கள். பார்த்தவுடனே குறைபாடு தெரியும் என்றும் இல்லை.

விதி எங்கிருந்து வந்தது

1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில், பேருந்து நிறுத்தம் ஒன்றில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் அந்த வழக்கை எப்படிச் சொதப்பியது என்று விசாரித்த நீதிபதி மெக்பர்சன் 1999 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். அதில் இருந்த ஒரு பரிந்துரை பிரிட்டிஷ் போலீசின் பதிவு முறையையே மாற்றியது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிய வேண்டும். அதிகாரிக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்ற அவசியம் இல்லை.

2007-இல் போலீஸ், அரசு வழக்குத் தொடரும் துறையான க்ரவுன் ப்ராசிக்யூஷன் சர்வீஸ் உள்ளிட்ட நீதித் துறை அமைப்புகள் இதே கருத்தை விரித்து ஒரு பொது வரையறைக்கு ஒப்புக்கொண்டன. இனம், மதம், பாலின ஈர்ப்பு, மாற்றுத்திறன், திருநர் அடையாளம் ஆகிய ஐந்தில் ஒன்றின் மீதான பகையோ முன்முடிவோ காரணமாக நடந்தது என்று பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ கருதும் எந்தக் குற்றமும் வெறுப்புக் குற்றம். 'வேறு எவரோ' என்பதில் அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், உதவிப் பணியாளர், அந்தப் பக்கம் போன பேருந்து ஓட்டுநர், வந்து விசாரித்த போலீஸ்காரர் எல்லோரும் அடங்குவார்கள். தனக்கு நடந்ததை 'வெறுப்பு' என்று சொல்லத் தெரியாத ஒருவருக்கு இந்த இரண்டு சொற்கள் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் சார்பில் யார் சொன்னாலும் போதும்.

இங்கே பலரும் குழம்புவார்கள். யாரோ 'கருதினால்' போதும் என்றால், அதை வைத்து ஒருவரைச் சிறையில் தள்ளிவிட முடியுமா? முடியாது. பதிவுக்கு ஓர் அளவுகோல், தண்டனைக்கு இன்னோர் அளவுகோல். பதிவு என்பது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. நீதிமன்றத்தில் தண்டனையைக் கூட்ட வேண்டுமானால், குற்றத்தின் போதோ அதற்குச் சற்று முன்போ பின்போ குற்றவாளி பகையை வெளிக்காட்டினார், அல்லது குற்றத்துக்கு முழுவதுமாகவோ ஓரளவுக்கோ பகைதான் தூண்டுதல் என்று நிரூபிக்க வேண்டும். மாற்றுத்திறனுக்கு இந்த விதி 2003-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 146-ஆம் பிரிவாக வந்து, 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது 2020-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 66-ஆம் பிரிவாக இருக்கிறது. பகை நிரூபணமானால் நீதிபதி அதைக் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் காரணமாக எடுத்தாக வேண்டும், அப்படி எடுத்ததைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லவும் வேண்டும்.

ஆக, போன் எடுத்தவர் வைக்கும் குறிக்கும் நீதிபதி வாசிக்கும் தீர்ப்புக்கும் நடுவே நீண்ட சங்கிலி இருக்கிறது. முதல் கண்ணியில் குறி இல்லை என்றால் விசாரணை அதிகாரி பகைக்கான சாட்சியைத் தேட மாட்டார். "என்ன வார்த்தை சொல்லித் திட்டினார்கள்?" என்று கேட்டு வாக்குமூலத்தில் எழுத மாட்டார். வழக்கறிஞரின் கோப்பில் அது இருக்காது. கடைசியில் நீதிபதிக்கு 66-ஆம் பிரிவைத் தொட வழியே இருக்காது. ஆறு மாதம் கழித்து யாராவது நினைவு வந்து கேட்டாலும், அந்த வார்த்தைகளைக் கேட்ட சாட்சி அதற்குள் மறந்திருப்பார்.

முப்பத்து மூன்று அழைப்புகள்

லெஸ்டர்ஷயரின் பார்வெல் என்ற சிற்றூரில் ஃபியோனா பில்கிங்டன் என்ற தாய் இரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தார். மகள் ஃப்ரான்செஸ்காவுக்கு அறிவுசார் குறைபாடு. தெருவில் சுற்றும் இளைஞர் கும்பல் ஒன்று பத்து ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தை வாட்டியது. வீட்டின் மேல் கல், முட்டை எறிவது, வாசலில் நின்று கூச்சல் போடுவது, மகளைக் கேலி செய்வது என்று விடாமல் தொடர்ந்தது. போலீசுக்கு முப்பத்து மூன்று முறை தகவல் போனது. 2007 அக்டோபரில் அந்தத் தாய் 18 வயது மகளைக் கொன்று தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

2009-இல் நடந்த மரண விசாரணையில், போலீசும் உள்ளாட்சி அமைப்பும் செயல்படத் தவறியதற்கு இதில் பங்கு உண்டு என்று ஜூரி சொன்னது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையம் 2011-இல் தந்த அறிக்கையைப் படித்தால் கோபத்தைவிடச் சோர்வுதான் வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் மறைத்ததாக அதில் இல்லை. ஒவ்வோர் அழைப்பும் தனித்தனிச் சம்பவமாக, சமூக விரோத நடத்தையாக எழுதப்பட்டது. ஓர் அதிகாரி வருவார், பையன்களை அங்கிருந்து போகச் சொல்வார், பதிவை மூடிவிடுவார். அடுத்த முறை வருபவருக்கு முந்தையது தெரியாது. இந்த வீட்டை மட்டும் ஏன் குறிவைக்கிறார்கள் என்ற கேள்வி பதிவில் எங்குமே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 146-ஆம் பிரிவு அப்போது நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சட்டம் தயாராக இருந்தது. அதைத் தொடங்கி வைக்கும் குறியைத்தான் யாரும் போடவில்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நடப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட 'சின்ன' விஷயங்கள்தான். பேருந்தில் ஒரு கேலி, கடை வாசலில் ஒரு தள்ளு, கதவைத் தட்டிவிட்டு ஓடுவது. தனியாக எடுத்தால் பல சமயம் அது குற்றம் என்ற அளவைத் தொடாது. அப்படிப்பட்டவற்றைக் 'குற்றமல்லாத வெறுப்புச் சம்பவம்' என்று தனியாகப் பதியும் வழக்கமும் போலீசில் உருவானது. பேச்சுரிமைக்கு அது இடையூறு என்ற வழக்கு ஒன்றில் 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுப்பாடு கேட்டது, 2023-இல் அரசு ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டது. அந்தச் சண்டை பெரும்பாலும் இணையப் பதிவுகளைச் சுற்றியே நடக்கிறது. பார்வெல் மாதிரித் தெருக்களில் சேர்ந்துகொண்டே போகும் சம்பவ வரிசை அந்த விவாதத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

நண்பனாக வருகிறவன்

இன்னொரு வகை இன்னும் சிக்கலானது. பிரிட்டனில் 'மேட் க்ரைம்' என்பார்கள். தனியாக வாழும், பேச்சுத்துணைக்கு ஏங்கும் ஒருவரோடு சிலர் நட்பாகிறார்கள். முதலில் சிகரெட்டுக்குக் காசு, அப்புறம் வங்கி அட்டை, அப்புறம் வீட்டு வரவேற்பறை. கடைசியில் வீட்டுக்காரரே தன் வீட்டில் அடிமையாகிவிடுவார்.

கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டெல் நகரில் வாழ்ந்த ஸ்டீவன் ஹோஸ்கினுக்கு நடந்தது இதுதான். நண்பர்கள் என்று அவர் நம்பியவர்கள் அவர் வீட்டிலேயே குடியேறி, அவர் பணத்தை எடுத்துக்கொண்டு, அவரைச் சித்திரவதை செய்து, 2006 ஜூலையில் ரயில் பாலம் ஒன்றிலிருந்து விழ வைத்துக் கொன்றார்கள். அவரைப் பற்றிய தகவல் பல அமைப்புகளிடம் துண்டு துண்டாக இருந்தது. துண்டுகளை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதே பின்னால் வந்த ஆய்வின் சாரம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும் போலீஸ்காரர் எதைப் பார்ப்பார்? கதவைத் திறப்பவர் "இவங்க என் ஃப்ரெண்ட்ஸ்" என்பார். சண்டை எதுவும் தெரியாது. புகார் தருபவர் யாரும் இல்லை. அப்படியே குற்றம் வெளிப்பட்டாலும், திருட்டாகவோ மோசடியாகவோ பதியப்படும். "இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? சுலபமாக ஏமாற்றலாம் என்றுதானே இவரைப் பிடித்தார்கள்?" என்ற கேள்வி எழும். சட்டத்தில் 'பகை' என்ற சொல்லுக்கு வரையறை இல்லாததால் அகராதிப் பொருளையே எடுக்கிறார்கள். வெறுப்போடு இளக்காரமும் ஏளனமும் மனக்கசப்பும்கூட அதில் அடக்கம். ஆனாலும் 'பலவீனமானவர் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள்' என்பது மட்டும் பகையாகாது என்ற எண்ணம் வழக்குகளை அடிக்கடி மறித்துவிடுகிறது. ஒருவரை நாய் மாதிரி நடத்துகிறவனுக்கு அவர் மேல் இளக்காரம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதைக் காட்டும் வார்த்தைகளும் செயல்களும் முதல் நாளே எழுதப்பட்டிருந்தால்தான் நீதிமன்றத்தில் வாதாட முடியும்.

இதோடு சேர்ந்து வருவது இரக்கம். பாதிக்கப்பட்டவர் 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்' என்று தெரிந்ததும் அதிகாரி ஒரு படிவத்தை நிரப்பி உள்ளாட்சியின் சமூகப் பணித் துறைக்கு அனுப்புவார். அது தேவைதான். ஆனால் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டால், குற்றம் செய்தவனைப் பற்றிய கேள்வி பாதிக்கப்பட்டவரைப் பற்றிய கேள்வியாக மாறிவிடும். இவரை வேறு இடத்துக்கு மாற்றலாமா, துணைக்கு ஆள் போடலாமா என்றே பேச்சு போகும். காப்பகத்துக்குள் நடக்கும் அடி உதையும் இப்படித்தான் 'துன்புறுத்தல்' என்ற தலைப்பில் தங்கிவிடுகிறது. அதே அடி தெருவில் விழுந்திருந்தால் தாக்குதல் வழக்காகியிருக்கும்.

கேள்வி கேட்கும் விதம்

சரி, குறி போட வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவர் கேட்கிறார்: "உங்களுடைய மாற்றுத்திறன் காரணமாகத்தான் அவர்கள் இப்படி நடந்துகொண்டார்கள் என்று நினைக்கிறீர்களா?"

இந்தக் கேள்வியில் இரண்டு பிரச்சினை. ஒன்று, இன்னொருவரின் மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்கச் சொல்கிறது. தன்னை மாற்றுத்திறனாளி என்று நினைத்தே பார்க்காத ஒருவர் "தெரியலை" என்பார், படிவத்தில் வெறுப்புக் குற்றத்துக்கான பெட்டி காலியாகவே இருக்கும். இரண்டாவது, ஆமாம், இல்லை என்று பதில் கேட்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பலர், அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் பின்னால் இதையே பிடித்துக்கொள்வார்.

மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "அவன் என்ன சொன்னான்? அதே வார்த்தையைச் சொல்லுங்கள்." "வேறு யாரிடமும் அப்படிச் சொன்னானா?" "அது சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" இப்போது வார்த்தை கிடைக்கிறது, நேரம் கிடைக்கிறது, யாரைக் குறிவைத்தான் என்பது கிடைக்கிறது. ஊகம் செய்ய வேண்டிய பொறுப்பு போலீசிடம் திரும்பிவிடுகிறது, அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

குறைபாடு இருப்பதைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. நேராகக் கேட்க அதிகாரிகள் கூச்சப்படுகிறார்கள். சிலர் குறைபாட்டை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். வாழ்நாள் முழுக்கக் கேலிக்கு ஆளானவர்கள் வேறென்ன செய்வார்கள்? "கடிதம் வந்தால் யார் படித்துச் சொல்வார்கள்?" மாதிரியான சாதாரணக் கேள்விகள் இங்கே உதவும்.

முறையான வாக்குமூலத்துக்கு வசதிகள் சட்டத்திலேயே உண்டு. 1999-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ், வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்யலாம். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலோ நேரலையிலோ சாட்சி சொல்லலாம். 'இன்டர்மீடியரி' எனப்படும் பயிற்சி பெற்ற இடையீட்டாளர் கேள்விகளைப் புரியும்படி மாற்றித் தருவார். ஆனால் இவையெல்லாம் வழக்கு அதுவரை உயிரோடு இருந்தால்தான்.

பாதிக்கப்பட்டவர்கள் சொல்லாமலே விடுவதும் உண்டு. "கண்டுக்காதே, விட்டுடு" என்றே சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு, எச்சில் துப்புவதும் குற்றம் என்று தெரிய வாய்ப்பில்லை. புகார் கொடுத்தால் தனி வீட்டில் வாழும் உரிமை போய்விடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன்.

எண்களை எப்படிப் படிப்பது

இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் படைகள் ஐந்து வகை வெறுப்புக் குற்றங்களின் எண்ணிக்கையையும் 2011 ஏப்ரலிலிருந்து உள்துறைக்குக் கட்டாயம் தர வேண்டும். முதல் ஆண்டில் மாற்றுத்திறன் சார்ந்தவை 1,700-ஐச் சற்றே தாண்டின. 2022 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் 14,000-க்கு மேல். 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் ஏறக்குறைய 11,700.

பத்து ஆண்டில் எட்டு மடங்கு என்றால் நாடு அந்த அளவுக்குக் கொடூரமாகிவிட்டதா? அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. போலீஸ் எண்ணிக்கை காட்டுவது பதியப்பட்டதை மட்டுமே. பதிவு முறை மேம்பட்டதுதான் ஏற்றத்துக்குப் பெரும் காரணம் என்று உள்துறையே சொல்கிறது. பதிவு எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று: 2014-இல் போலீஸ் கண்காணிப்பகம் நடத்திய ஆய்வில், போலீசிடம் வந்த குற்றங்களில் ஐந்தில் ஒன்று பதியப்படவே இல்லை என்று தெரிந்தது. அதே ஆண்டு போலீஸ் குற்ற எண்ணிக்கை 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை இழந்தது. அதனால் எண் இறங்குவதையும் நல்ல செய்தியாக உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. குற்றம் குறைந்திருக்கலாம், குறி போடுவதும் குறைந்திருக்கலாம்.

மறுபக்கம், மக்களிடம் வீடு வீடாகக் கேட்கும் குற்றக் கணக்கெடுப்பு இருக்கிறது. அதன்படி 2010-களின் பிற்பகுதியில், மாற்றுத்திறன் சார்ந்த வெறுப்புக் குற்றங்கள் ஆண்டுக்குச் சுமார் 50,000. போலீஸ் பதிவில் இருந்ததைப் போலப் பல மடங்கு. அந்தக் கணக்கெடுப்பும் தனி வீடுகளில் வாழ்பவர்களிடம் மட்டுமே கேட்கிறது. காப்பகங்களில் வாழ்பவர்கள் அதில் வருவதே இல்லை.

இனி முக்கியமான ஓட்டை. மேலே சொன்ன எல்லா எண்களும் 'மாற்றுத்திறன்' என்ற ஒரே பெட்டிக்கானவை. சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், மனநலச் சிக்கல் உள்ளவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் எல்லோரும் அதே பெட்டிக்குள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எதிராக எத்தனை வெறுப்புக் குற்றம் நடந்தது என்று அரசு வெளியிடும் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தொண்டு நிறுவனங்களின் ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மென்கேப் என்ற தொண்டு நிறுவனம் 1999-இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் தாங்கள் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த எண்ணையும் போலீஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வழியில்லை, ஏனென்றால் போலீஸ் பக்கம் அந்த எண்ணே இல்லை.

இனவெறிக் குற்றத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் தெரியும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 'இனப்பகை கூடிய தாக்குதல்' போன்றவற்றைத் தனிக் குற்றங்களாகவே ஆக்கியது, 2001-இல் மதமும் சேர்ந்தது. சாதாரணத் தாக்குதலுக்கு உச்சத் தண்டனை ஆறு மாதம், இனப்பகை கூடியதற்கு இரண்டு ஆண்டு. தனிக் குற்றம் என்றால் தனிப் பெயர், தனி எண். பதிவேட்டில் அது தொலையாது. மாற்றுத்திறனுக்கு அந்தச் சட்டத்தில் இடம் தரப்படவில்லை. அதனால் அது ஒரு சாதாரணக் குற்றத்தின் ஓரத்தில் ஒட்டிய குறியாக மட்டுமே இருந்தது, மறந்தால் மறந்ததுதான். ஐந்து வகைக்கும் சமமான சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2021 டிசம்பரில் பரிந்துரைத்தது. (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள், தனிக் கணக்கு. இங்கே சொன்னது அவற்றுக்குப் பொருந்தாது.)

புகார் கொடுக்க வேண்டி வந்தால்

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு மகனோ மகளோ இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கலாம். ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999, இல்லையென்றால் 101. 'ட்ரூ விஷன்' என்ற போலீஸ் இணையதளத்திலும் புகார் பதியலாம், எளிய மொழியில் படங்களோடு அமைந்த படிவங்களும் உண்டு. பேசும்போது நடந்ததைச் சொல்வதோடு நிறுத்தாமல், "இதை டிசபிலிட்டி ஹேட் க்ரைம் என்று பதியுங்கள்" என்று அதே சொற்களில் கேளுங்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, அப்படிக் கருதினால் போதும் என்பது அவர்களுடைய விதியே. முன்பு நடந்தவற்றையும் தேதியோடு சொல்லுங்கள், பழைய பதிவு எண்கள் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். திட்டிய வார்த்தை அசிங்கமாக இருக்கிறது என்று மழுப்பாமல் அப்படியே சொல்லுங்கள், சாட்சியத்தில் அதற்குத்தான் எடை. கடைசியில் குற்றப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் வெறுப்புக் குற்றக் குறி ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிட்டு போனை வையுங்கள்.